மில்லர், முல்லர்: ஒரே தொழில்வழிப் பெயருடையோரைப் பிரித்தறிய ஒரு வழிகாட்டி

மில்லர் என்னும் ஆங்கிலக் குடும்பப்பெயரும் முல்லர் என்னும் ஜெர்மானியக் குடும்பப்பெயரும் தானியம் அரைக்கும் ஆலையை நடத்தியவரைக் குறித்துத் தோன்றியவை. இன்று அந்தப் பெயர்களின் கீழ், படிகங்களை ஆராய்ந்தவர், நாடகம் எழுதியவர், டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தவர், உலகக் கோப்பையை வென்றுதந்த கால்பந்து வீரர், ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்திய போதகர் ஆகியோர் அருகருகே நிற்கிறார்கள். அவர்களோடு ஒரு கனிமமும், ஓர் உலகப்படமும், ஒரு கதிர்வீச்சுக் கருவியும், ஒரு கண்மயக்கமும், ஒரு திராட்சை வகையும் சேர்ந்து நிற்கின்றன. கட்டுரை எழுதவோ, மொழிபெயர்க்கவோ, நூலுக்குப் பெயரடைவு தயாரிக்கவோ புதிதாகத் தொடங்குகிறவர் இந்தப் பெயரை என்றாவது ஒருநாள் எதிர்கொண்டே தீருவார். எந்த மில்லர் என்று உறுதிசெய்யாமல் எழுதப்படும் ஒரு வரி, ஒருவருடைய வாழ்நாள் உழைப்பை இன்னொருவர் கணக்கில் ஏற்றிவிடுகிறது. இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

இந்த ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பிரித்தறியும் வேலையைப் படிப்படியாகச் செய்து காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். கொல்லரிடமிருந்து வந்த ஸ்மித், ஷ்மிட் ஆகிய பெயர்களுக்கும், தையற்காரரிடமிருந்து வந்த டெய்லர், ஷ்னைடர் ஆகிய பெயர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

முதற்படி: பெயரின் தோற்றத்தை அறிந்து, உறவைக் கற்பித்துக்கொள்ளாதிருத்தல்

ஐரோப்பாவில் குடும்பப்பெயர்கள் நிலைபெற்ற மத்திய காலத்தின் பிற்பகுதியில், ஊருக்கு ஓர் ஆலையும் அதை நடத்த ஒருவரும் இருப்பது வழக்கம். பல பகுதிகளில் குடிமக்கள் நிலவுடைமையாளரின் ஆலையிலேயே தானியத்தை அரைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. அதனால் ஆலைக்காரர் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவராக இருந்தார். ஓர் ஊருக்குள் அவரைச் சுட்ட அந்தத் தொழிற்சொல் ஒன்றே போதுமாக இருந்தது. ஊருக்குள் தனித்துக் காட்டிய அந்த அடையாளம் ஆயிரக்கணக்கான ஊர்களில் ஒரே சமயத்தில் இடப்பட்டதால், ஊர் எல்லையைத் தாண்டியதும் எவரையும் தனித்துக் காட்டாத பெயராக ஆயிற்று. ஜெர்மனியில் மிகப் பரவலான குடும்பப்பெயர் முல்லர்தான்.

இதிலிருந்து புதியவர் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி தெளிவானது: ஒரே தொழில்வழிப் பெயர் உடைய இருவரிடையே உறவு இருப்பதாக, தனிச் சான்று இல்லாமல், எழுதக் கூடாது. கெர்ட் முல்லர், தாமஸ் முல்லர் ஆகிய இருவரையும் பாருங்கள். இருவரும் பயர்ன் மியூனிக் அணிக்கு ஆடியவர்கள். இருவரும் ஜெர்மனியின் தேசிய அணியில் 13ஆம் எண் சட்டை அணிந்தவர்கள். கெர்ட் 1970 உலகக் கோப்பையில் 10 கோல்களும், தாமஸ் 2010 உலகக் கோப்பையில் 5 கோல்களும் அடித்து அதிக கோல் அடித்தவருக்கான விருதைப் பெற்றவர்கள். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் அவர்கள் உறவினர்கள் அல்லர். மறுபுறம், வெவ்வேறு வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஒரே தோற்றம் கொள்ளும் முல்லேரிய போலித்தோற்றத்தை விளக்கிய ஃபிரிட்ஸ் முல்லரும், பூக்களுக்கும் பூச்சிகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த ஹெர்மன் முல்லரும் உடன்பிறந்தவர்கள். கவிஞர் வில்ஹெல்ம் முல்லர், வேத ஆய்வாளர் மாக்ஸ் முல்லரின் தந்தை. உறவு இருக்கும் இடத்தில் அதைக் குறிப்பிடுவது வாசகருக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் அதற்கு ஆதாரம் வாழ்க்கை வரலாற்றிலிருந்து வர வேண்டும், பெயரிலிருந்து அன்று.

இரண்டாம் படி: எழுத்து வடிவங்களைத் திரட்டுதல்

ஜெர்மன் மொழியில் இப்பெயரின் முதல் உயிரெழுத்தின் மேல் இரு புள்ளிகள் உண்டு. அச்சில் புள்ளி இட வசதியில்லாதபோது அதே எழுத்துக்குப் பின் ‘ஈ’ (e) என்ற ரோமன் எழுத்தைச் சேர்த்து எழுதுவார்கள். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பலர் புள்ளிகளை அடியோடு விட்டுவிட்டார்கள். ஆகவே மூலநூல்களில் ஒரே பெயருக்கு மூன்று எழுத்துக்கூட்டல்கள் கிடைக்கும். தமிழுக்கு வரும்போது முல்லர், மூல்லர், முல்லெர், மியூலர், மியுல்லர் எனப் பிரிவு இன்னும் பெருகுகிறது. தேடத் தொடங்கும் முன்பே இவ்வடிவங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வடிவத்தில் மட்டும் தேடினால் பாதிப் பேர் கண்ணுக்குத் தப்பிவிடுவார்கள்.

பிற மொழிகளில் அதே தொழிலைக் குறிக்கும் பெயர்களையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் மில்லார், ஆங்கிலத்தின் இன்னொரு வடிவமாக மில்னர், டேனிஷ் மொழியில் மொல்லர், டச்சு மொழியில் மோலனார், முல்டர், பிரெஞ்சில் மெனியே, இத்தாலியில் மொலினாரி, ஹங்கேரியில் மொல்னார், ரஷ்யாவில் மெல்னிகோவ் என இந்தத் தொடர் நீளும். 1904இல் டென்மார்க்கில் ஏ. பி. மொல்லர் தொடங்கிய கப்பல் நிறுவனம் மேர்ஸ்க் குழுமமாக வளர்ந்தது. 1838இல் புரதம் பற்றிய ஆய்வுக் கட்டுரையால் அச்சொல்லை அறிவியலில் நிலைநிறுத்திய டச்சு வேதியியலாளர் கெரார்டுஸ் முல்டர். இவர்களை மில்லர் என்ற தலைப்பின் கீழ்ச் சேர்க்கக் கூடாது. ‘இதே தொழிலிலிருந்து வந்த பிறமொழிப் பெயர்கள்’ என்று தனியே சுட்டினால் போதும். ஸ்பானிய மொழியின் மொலினா, ஆங்கிலத்தின் மில், மில்ஸ் ஆகியவை ஆலை இருந்த இடத்தைக் குறிப்பவை. தொழில் செய்தவரைக் குறிப்பவை அல்ல. எனவே ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. தமிழில் ‘மில்லின் கருத்து’ என்று வேற்றுமை உருபு ஏற்று வரும்போது ‘மில்லரின் கருத்து’ என்று தவறாகப் படிக்க வாய்ப்புள்ளதால், அந்த வரிகளில் மட்டும் முழுப் பெயரையும் எழுதிவிடுவது பாதுகாப்பானது.

மூன்றாம் படி: முதற்பெயரை நம்பி நின்றுவிடாமல் மேலே செல்லுதல்

வேலையின் கடினமான பகுதி இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். குடும்பப்பெயர் பொதுவானதாக இருக்கும்போது, முதற்பெயர் பிரித்துக் காட்டிவிடும் என்று புதியவர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் வில்லியம், ஜார்ஜ், ஹெர்மன், ஜோஹனஸ் போன்ற முதற்பெயர்களும் அவரவர் நாட்டில் அதே அளவு பரவலானவை.

வில்லியம் மில்லர்களை எடுத்துக்கொள்வோம். வில்லியம் ஹாலோஸ் மில்லர் (1801–1880) கேம்பிரிட்ஜில் கனிமவியல் பேராசிரியராக இருந்தவர். படிகத் தளங்களைக் குறிக்க இன்று நாம் பயன்படுத்தும் குறியெண் முறையை 1839இல் வெளியிட்டவர். 1834இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தபோது அழிந்த எடை அளவின் மூலப்படியை மீட்டுருவாக்கும் பணியையும் அவரே ஏற்றார். வில்லியம் ஆலன் மில்லர் (1817–1870) லண்டன் கிங்ஸ் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸோடு சேர்ந்து 1860களில் விண்மீன்களின் நிறமாலையை ஆராய்ந்தவர். இருவரும் ஒரே காலத்தவர், ஒரே நாட்டவர், இருவரும் அறிவியலாளர்கள், இருவருக்கும் பெயரின் முதலெழுத்து ஒன்றே. பழைய ஆய்விதழ்களில் ‘பேராசிரியர் மில்லர்’ என்று மட்டும் வரும் இடத்தில், பொருள் படிகமா, நிறமாலையா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இவர்களோடு, கிறிஸ்துவின் இரண்டாம் வருகையைக் கணித்து, 1844 அக்டோபர் 22 அன்று அவரைப் பின்பற்றியவர்கள் பெருத்த ஏமாற்றம் அடையக் காரணமான அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லர் (1782–1849) ஒருவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் மில்லர் (1838–1923) மற்றொருவர். கடைசி இருவரும் சமயத் துறையினர் என்பதால் தமிழ்க் கிறித்தவ வரலாறு எழுதுகிறவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

இரண்டாம் முதலெழுத்தைச் சேர்த்தால் குழப்பம் தீரும் என்றும் சொல்ல முடியாது. ஜார்ஜ் ஏ. மில்லர் என்ற பெயரில் இரண்டு அமெரிக்க அறிஞர்கள் இருக்கிறார்கள். ஜார்ஜ் ஏப்ரம் மில்லர் (1863–1951) குலக் கோட்பாட்டில் உழைத்த கணிதவியலாளர். ஜார்ஜ் ஆர்மிடேஜ் மில்லர் (1920–2012) உளவியலாளர். மனிதரின் உடனடி நினைவு ஏறத்தாழ ஏழு கூறுகளையே தாங்கும் என்ற 1956ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கட்டுரை அவருடையது. இங்கே நடு எழுத்தை விரித்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் மில்லரும் ஆஸ்திரேலியாவில் இருவர். 1945இல் பிறந்து மருத்துவம் படித்தவர் ஒருவர், ஸ்காட்லாந்தில் பிறந்து ஜார்ஜ் டி. மில்லர் என்று அறியப்பட்டவர் மற்றவர்.

முல்லர் பக்கம் வந்தால் ஹெர்மன்களின் நெரிசல் இன்னும் அதிகம். லிப்ஸ்டாட் நகரில் ஆசிரியராக இருந்து, பூச்சிகள் வழி நடக்கும் மகரந்தச் சேர்க்கை பற்றி 1873இல் நூல் எழுதிய ஹெர்மன் முல்லர் (1829–1883). புதிய திராட்சை வகையை உருவாக்கிய சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் ஹெர்மன் முல்லர் (1850–1927). 1919இல் வெளியுறவு அமைச்சராக வெர்சாய் உடன்படிக்கையில் கையொப்பமிட்டு, பின்னர் இரு முறை ஜெர்மனியின் பிரதமராக இருந்த ஹெர்மன் முல்லர் (1876–1931). எக்ஸ் கதிர்கள் மரபணு மாற்றத்தை உண்டாக்கும் என்று 1927இல் காட்டிய அமெரிக்க மரபியலாளர் ஹெர்மன் ஜோசஃப் முல்லர் (1890–1967) என நால்வர் இருக்கிறார்கள். கடைசியவர் 1946இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1948இல், அதே மருத்துவப் பரிசைப் பெற்றவர் டி.டி.டி. ஆய்வுக்காக அறியப்பட்ட பால் ஹெர்மன் முல்லர் (1899–1965). ‘நோபல் பரிசு பெற்ற ஹெர்மன் முல்லர்’ என்ற ஒரு வரி எத்தனை எளிதாக இடம் மாறிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பெயர் மாறினால் அது அநீதியாகவே முடியும் இடமும் உண்டு. கண்ணின் விழித்திரையில் உள்ள முல்லர் செல்களை விவரித்த உடற்கூறியலாளர் ஹைன்ரிக் முல்லர் (1820–1864). நாஜி ஆட்சியில் இரகசியக் காவற்படையின் தலைவனாக இருந்தவன் பெயரும் ஹைன்ரிக் முல்லர். அந்தக் காலத்திலேயே அவனை ‘கெஸ்டபோ முல்லர்’ என்று அடைகொடுத்து அழைத்தார்கள். அதே பெயரில் வேறு அதிகாரியும் இருந்ததே அதற்குக் காரணம். கண் மருத்துவக் கட்டுரையில் வரும் ஹைன்ரிக் முல்லருக்கு ஆண்டுகளைச் சேர்க்காமல் விடுவது கூடாது.

ஆகவே ஒவ்வொருவருக்கும் ஐந்து செய்திகளைத் திரட்டிய பிறகே எழுதத் தொடங்க வேண்டும்: விரித்த முழுப் பெயர், பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும், பிறந்த இடமும் பணியாற்றிய இடமும், துறை, அவருக்கே உரிய ஒரு செயல். இவற்றுள் ஆண்டும் துறையும் பெரும்பாலும் போதும். இடம் ஏன் தேவை என்பதை முல்லர்களே நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

நான்காம் படி: அவர்களே இட்டுக்கொண்ட அடைமொழியைக் காத்தல்

பொதுவான பெயரால் வரும் இடர்ப்பாட்டை முதலில் உணர்ந்தவர்கள் அதைத் தாங்கியவர்கள்தாம். திராட்சை ஆய்வாளர் ஹெர்மன் முல்லர் தம் மாநிலமான துர்காவைப் பெயரோடு சேர்த்து முல்லர்-துர்காவ் என்று எழுதினார். 1882இல் அவர் உருவாக்கிய திராட்சை இன்றும் அதே இரட்டைப் பெயரோடு பயிரிடப்படுகிறது. ரப்பர் மரத்தின் தாவரவியற் பெயருக்குப் பின் வரும் ‘முல். ஆர்க்.’ என்ற சுருக்கம், சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தைச் சேர்ந்த ஜோஹனஸ் முல்லரைக் (1828–1896) குறிக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் கணித, வானியல் அறிஞர் ரெஜியோமொன்டானுஸ் (1436–1476) பிறந்தபோது பெற்ற பெயரும் ஜோஹனஸ் முல்லர்தான். தாம் பிறந்த கோனிக்ஸ்பெர்க் என்ற ஊரின் பெயருக்கு லத்தீன் வடிவம் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது. அந்த ஊர் ஜெர்மனியின் ஃபிராங்கோனியாப் பகுதியில் உள்ள சிறு நகரம். தத்துவ அறிஞர் கான்ட் வாழ்ந்த கோனிக்ஸ்பெர்க் வேறு.

மாக்ஸ் முல்லர் (1823–1900) செய்தது இன்னும் நுட்பமானது. அவருடைய பெயர் ஃபிரீட்ரிக் மாக்ஸ் முல்லர். முல்லர் என்பது எங்கும் காணப்படும் பெயர் என்று கருதி, நடுவில் இருந்த மாக்ஸையும் குடும்பப்பெயரின் பகுதியாக ஆக்கிக்கொண்டார். எனவே பெயரடைவில் அவரை ‘முல்லர், மாக்ஸ்’ என்று புரட்டி எழுதாமல், ‘மாக்ஸ் முல்லர்’ என்று மகர வரிசையில் வைப்பதே அவருடைய விருப்பத்துக்கு இசைந்தது. முல்லர் என்ற இடத்தில் ‘காண்க: மாக்ஸ் முல்லர்’ என்று ஒரு வழிகாட்டும் வரி இருந்தால் போதும். தமிழ் வாசகருக்கு அவரைப் பிரித்துக் காட்ட வேண்டிய தேவை ஜார்ஜ் முல்லரால் (1805–1898) வருகிறது. இருவரும் ஜெர்மன் நிலத்தில் பிறந்து, இங்கிலாந்தில் குடியேறி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கேயே வாழ்நாளைக் கழித்தவர்கள். ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டில் ரிக் வேதத்தைப் பதிப்பித்தார்; மற்றவர் பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான ஆதரவற்ற குழந்தைகளைப் பராமரிக்க இல்லங்கள் நடத்தினார். ‘இங்கிலாந்தில் வாழ்ந்த ஜெர்மானியர் முல்லர்’ என்ற விளக்கம் இருவருக்கும் பொருந்தும் என்பதால் அது விளக்கமே ஆகாது.

ஐந்தாம் படி: ஒவ்வொரு பொருளையும் அதன் மனிதரோடு இணைத்தல்

மனிதர்களைப் பிரித்த பின்னர் பொருள்களுக்கு வர வேண்டும். பொருளின் பெயரில் குடும்பப்பெயர் மட்டுமே தங்கி, மனிதர் மறைந்துபோவது வழக்கம். எனவே ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்விகளை எழுப்புங்கள்: எந்த மில்லர், எந்த ஆண்டு, அவரே செய்ததா அல்லது அவரைச் சிறப்பிக்க மற்றவர் இட்ட பெயரா.

மின்னணுவியலில் பெருக்கியின் உள்ளீட்டு மின்தேக்கம் பெருகித் தோன்றும் மில்லர் விளைவு, அதை 1920இல் வெளியிட்ட ஜான் மில்டன் மில்லருடையது. துருவப் பகுதிகளின் மிகைத்தோற்றத்தைக் குறைத்துக் காட்டும் மில்லர் உலகப்பட வீச்சு, 1942இல் ஆஸ்போர்ன் மெய்ட்லண்ட் மில்லர் அமைத்தது. நீராவி, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகியவற்றின் ஊடே மின்பொறி செலுத்தி அமினோ அமிலங்களைப் பெற்ற மில்லர்–யூரே சோதனை, சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் 1952இல் செய்து 1953இல் வெளியிட்டது. ஓர் எண் பகா எண்தானா என்று சோதிக்கும் மில்லர்–ராபின் முறையில் வருபவர் கணினியியலாளர் கேரி மில்லர். நிறுவனத்தின் மதிப்பும் அதன் கடன் விகிதமும் பற்றிய மொதிக்லியானி–மில்லர் தேற்றத்தில் (1958) வருபவர், 1990இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மெர்ட்டன் மில்லர். இவை எல்லாம் அவரவரே செய்தவை. மில்லரைட் என்ற நிக்கல் சல்ஃபைடு கனிமம் அப்படிப்பட்டதன்று. படிகவியலாளர் வில்லியம் ஹாலோஸ் மில்லரைச் சிறப்பிக்க 1845இல் கனிமவியலாளர் ஹைடிங்கர் இட்ட பெயர் அது. இங்கே இன்னொரு பொறி இருக்கிறது: 1844இல் ஏமாற்றம் அடைந்த போதகர் வில்லியம் மில்லரின் அடியார்களும் ஆங்கிலத்தில் மில்லரைட்டுகள் என்றே அழைக்கப்பட்டார்கள். தமிழில் முன்னதை ‘மில்லரைட் கனிமம்’ என்றும் பின்னதை ‘மில்லர் இயக்கத்தார்’ என்றும் எழுதினால் குழப்பம் அறவே நீங்கும்.

‘முல்லேரிய’ என்ற பெயரடையும் இருவருக்கு உரியது. கருவில் பெண் இனப்பெருக்க உறுப்புகளாக வளரும் முல்லேரிய நாளம், 1830இல் அதை விவரித்த பெர்லின் உடலியலாளர் ஜோஹனஸ் பீட்டர் முல்லரின் (1801–1858) பெயரைத் தாங்கியது. கசப்புச் சுவையுடைய வெவ்வேறு வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஒரே தோற்றம் கொண்டு, வேட்டையாடும் பறவைகளுக்கு ஒரே எச்சரிக்கையைத் தரும் முல்லேரிய போலித்தோற்றம், பிரேசிலில் குடியேறி அங்கேயே ஆராய்ந்த ஃபிரிட்ஸ் முல்லர் 1870களின் இறுதியில் விளக்கியது. இரண்டும் உயிரியற் பாடத்திலேயே வருவதால் மாணவர்கள் ஒருவரே இரண்டையும் செய்தார் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பாடம் எழுதுகிறவர் முதற்பெயரை ஒரு முறை சேர்த்தால் அந்த எண்ணம் எழாது.

கைகர்–முல்லர் எண்ணியில் வருபவர் வால்தர் முல்லர். 1928இல் ஹான்ஸ் கைகருடன் சேர்ந்து அதை உருவாக்கினார். கைகர் என்பதும் ஜெர்மன் மொழியில் ஃபிடில் வாசிப்பவரைக் குறித்த தொழில்வழிப் பெயர்தான் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. அம்புமுனைகள் உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் திரும்பியிருப்பதால் சமநீளக் கோடுகள் நீளம் வேறுபட்டுத் தோன்றும் முல்லர்-லையர் கண்மயக்கம் (1889), ஃபிரான்ஸ் கார்ல் முல்லர்-லையர் என்ற ஒரே மனிதருடையது; இருவர் பெயர் போல அதைப் பிரித்து எழுதிவிடாதீர்கள். கைகர்–முல்லரில் இருவர், முல்லர்-லையரில் ஒருவர் என்பதைக் காட்ட, இருவருக்கு நீண்ட கோடும் ஒருவருக்குச் சிறு கோடும் இடும் மரபைத் தமிழிலும் பின்பற்றலாம்.

தாவரவியலில் பெயர் இன்னும் சுருங்கிவிடும். சப்பாத்திக்கள்ளியின் பேரினப் பெயரான ஒபன்ஷியாவுக்குப் பின் ‘மில்.’ என்று காணப்படுவது, லண்டனின் செல்சீ மூலிகைத் தோட்டத்தை நெடுங்காலம் நடத்திய ஃபிலிப் மில்லரை (1691–1771) குறிக்கும். அழகுப் பொருள்களின் உறையில் சோற்றுக்கற்றாழைக்கு அச்சிடப்படும் ‘ஆலோ பார்படென்சிஸ் மில்லர்’ என்பதில் உள்ள மில்லரும் அவரே. அதைத் தாவரத்தின் பெயரிலேயே ஒரு பகுதி என்று கருதி மொழிபெயர்ப்பது தவறு. அது பெயரிட்டவரின் கையொப்பம் போன்றது.

ஆறாம் படி: மனிதர் எவரும் இல்லாத பெயர்களை ஒதுக்குதல்

சில பெயர்களில் தேடினாலும் எந்த மில்லரும் கிடைக்கமாட்டார். அவை நேரே ஆலைக்காரரிடமிருந்து வந்தவை. அமெரிக்காவில் ‘மில்லர்’ என்று அழைக்கப்படும் அந்துப்பூச்சிகளின் சிறகில் மாவு போன்ற செதில்கள் உதிரும். இலையின் அடிப்புறம் மாவு தூவியது போல வெண்மையாக இருப்பதால் ஒரு திராட்சை பினோ மெனியே எனப்படுகிறது. ஷூபர்ட் 1823இல் இசையமைத்த பாடல் தொடரின் தலைப்பில் உள்ள ‘முல்லரின்’ என்ற சொல் ஆலைக்காரரின் மகளைக் குறிக்கிறது. அப்பாடல்களை எழுதிய கவிஞரின் பெயரும் வில்ஹெல்ம் முல்லர்தான் என்றாலும், தலைப்பு அவரைக் குறிப்பதன்று. இத்தகையவற்றைப் பட்டியலின் இறுதியில், ‘தொழிலிலிருந்து நேரே வந்தவை’ என்று தனியே வையுங்கள்.

ஏழாம் படி: பெயரை மாற்றிக்கொண்டவர்களைக் குறித்தல்

தைமஸ் சுரப்பியின் பணியை 1961இல் வெளிப்படுத்திய ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜாக் மில்லர் 1931இல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தபோது மெனியே என்ற பெயருடையவர். குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றபோது மில்லர் ஆனார். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1855இல் மதுவடிசாலையை வாங்கி மில்லர் நிறுவனத்தைத் தொடங்கிய ஃபிரெடரிக் மில்லர், ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் முல்லராகப் பிறந்தவர். இவர்களுடைய பெயர் மாறினாலும் பொருள் மாறவில்லை. ஆனால் மேலே சொன்ன மருத்துவம் படித்த இயக்குநர் ஜார்ஜ் மில்லரின் தந்தை, கித்திரா என்ற கிரேக்கத் தீவிலிருந்து வந்து, மிலியோட்டிஸ் என்ற பெயரை மில்லர் என்று மாற்றிக்கொண்டவர். அவரைத் தொழில்வழிப் பெயருக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவது பொருந்தாது. பட்டியலில் அவர் இடம்பெறலாம், பெயர்த்தோற்ற விளக்கத்தில் இடம்பெறக் கூடாது.

பெண்களைப் பொறுத்தவரை, பெயர் பிறப்பால் வந்ததா, மணத்தால் வந்ததா என்று பார்ப்பது அவசியம். இரண்டாம் உலகப்போரைப் படமெடுத்த லீ மில்லர் (1907–1977) பிறப்பால் மில்லர். மணத்துக்குப் பின் பென்ரோஸ் என்ற பெயரிலும் பதிவுகளில் வருவார். குழந்தைகள் மீதான கொடுமை பற்றி எழுதிய உளவியலாளர் ஆலிஸ் மில்லருக்கு (1923–2010) அப்பெயர் கணவர் வழி வந்தது. தேடும்போது இரு பெயர்களையும் சேர்த்துத் தேடாவிட்டால், அவர்களுடைய வாழ்வின் ஒரு பாதி கிடைக்காமலே போய்விடும்.

எட்டாம் படி: பதிவை எழுதுதல்

திரட்டியவற்றை வரிசைப்படுத்தும்போது முதற்பெயரின் அகர வரிசையை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒலிபெயர்ப்பு ஆளுக்கு ஆள் மாறுவதால் ஹென்றி, ஹென்ரி, எண்றி மூவரும் வெவ்வேறு இடங்களுக்குப் போய்விடுவார்கள். துறை வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு துறைக்குள்ளும் பிறந்த ஆண்டு வரிசையில் அமைத்தால் வாசகர் தேடுபவரை விரைவில் கண்டுகொள்வார். ஒவ்வொரு பதிவும் ஒரே வாக்கியமாக, அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்க வேண்டும். ‘ஆர்தர் மில்லர், அமெரிக்க எழுத்தாளர்’ என்று எழுதினால் அது நாவலாசிரியர் ஹென்றி மில்லரிடமிருந்து (1891–1980) அவரைப் பிரிக்காது; ‘ஆர்தர் மில்லர் (1915–2005), அமெரிக்க நாடக ஆசிரியர்’ என்றால் பிரித்துவிடும். ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்டா முல்லருக்கு 2009இன் இலக்கிய நோபல் பரிசைக் குறித்தால் போதும். மீக்கடத்திகளை ஆராய்ந்த அலெக்ஸ் முல்லருக்கு 1987இன் இயற்பியல் பரிசைக் குறித்தால் போதும்.

இறந்த ஆண்டு உறுதியாகத் தெரியாத இடங்களில் அதை மறைக்காமல் எழுதுங்கள். இசைக்குழுத் தலைவர் கிளென் மில்லர் 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பாரிசுக்கு விமானத்தில் புறப்பட்டுக் காணாமற்போனார். ‘1904–1944’ என்று இட்டு, ‘விமானப் பயணத்தில் காணாமற்போனவர்’ என்று சேர்த்தால் செய்தி முழுமையாகும். வாழ்ந்துகொண்டிருப்பவர்களுக்குப் பிறந்த ஆண்டை மட்டும் இட்டு, அருகே ‘பிறப்பு’ என்று எழுதுங்கள். ஆஸ்திரேலியப் பன்முக ஆட்டக்காரர் கீத் மில்லரையும் (1919–2004) தென்னாப்பிரிக்க மட்டையாளர் டேவிட் மில்லரையும் (பிறப்பு 1989) அந்த ஓர் அடையாளமே பிரித்துவிடும்.

மூலத்தில் குடும்பப்பெயர் மட்டுமே இருந்து, ஆண்டாலும் துறையாலும் இடத்தாலும் எவரென்று நிறுவ முடியாத மில்லர் ஒருவர் கடைசியில் எஞ்சுவதுண்டு. அவரைப் புகழ்பெற்ற மில்லர் ஒருவரோடு பொருத்திவிடாமல், பக்க எண்ணோடு ‘மில்லர் (அடையாளம் நிறுவப்படவில்லை)’ என்று பெயரடைவில் தனி வரியாக நிறுத்திவையுங்கள். அடுத்து வரும் ஆய்வாளர் வேறொரு ஆவணத்தில் அவருடைய முதற்பெயரைக் கண்டால், நிரப்ப வேண்டிய இடம் எது என்று அந்த வரி அவருக்குக் காட்டும்.